குழந்தைக்கு முதல் மான் வேட்டை ரைஃபிள்: உதை கம்மியான கேலிபர் எப்படி பாத்து எடுக்கறது

நாங்க இருக்கறது விஸ்கான்சின்ல. இங்க தாங்க்ஸ்கிவிங்குக்கு முந்தின சனிக்கிழமை துப்பாக்கி மான் சீசன் ஆரம்பிக்கும், ஒம்பது நாள், அந்த ஒம்பது நாளும் கிராமத்துப் பக்கம் போனீங்கன்னா கண்ணுல படுற எல்லாரும் ஆரஞ்சு கலர் சட்டையில தான் இருப்பாங்க. பள்ளிக்கூடத்துல கூடப் படிக்கிற பசங்க தாத்தாவோட மான் வேட்டைக்குப் போனேன்னு கதை சொல்ல, நம்ம வீட்டுக் குழந்தையும் ஒரு நாள் வந்து "அப்பா நானும் போகலாமா"ன்னு கேக்கும். என் பொண்ணு கேட்டப்போ அவளுக்கு எட்டு வயசு. நான் ஊர்ல வளர்ந்தவன், அங்க 1972ல வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் வந்ததுல இருந்து மானைத் தொட்டா ஜெயில்னு தெரிஞ்சு வளர்ந்தவன், அதனால எனக்கு இது எதுவுமே தெரியாது, பக்கத்துப் பண்ணைக்காரர் ஒருத்தர் தான் ரெண்டு சீசன் கூட கூட்டிட்டுப் போய் கத்துக் கொடுத்தார். அதுல ரொம்ப நேரம் எனக்குக் குழம்பினது எந்த கேலிபர், அதாவது எந்த விட்டத்துல குண்டு போற எந்தத் தோட்டா வகை, வாங்கறதுங்கற விஷயத்துல தான். அதை இப்ப புதுசா வர்றவங்களுக்காக எழுதறேன்.

துப்பாக்கிக்கு முன்னாடி ஒரு விஷயம், இதை யாரும் நம்ம ஆளுங்களுக்கு எடுத்துச் சொல்றதில்ல. எச்1பி, எச்4 மாதிரி விசாவுல இருக்கறவங்க துப்பாக்கியோ தோட்டாவோ கையில வெச்சிருக்கறதை ஃபெடரல் சட்டம் பொதுவா தடை செய்யுது. அதுக்கு ஒரு விதிவிலக்கு, ஏதாவது ஒரு மாநிலத்தோட செல்லுபடியாகற வேட்டை லைசென்ஸ் உங்க பேர்ல இருக்கறது. இது விளையாட்டு விஷயம் இல்ல, தப்பாச்சுன்னா விசாவே போயிடும், அதனால விசாவுல இருக்கறவங்க முதல்ல ஒரு இமிக்ரேஷன் வக்கீல்கிட்ட பேசிட்டு அப்புறமா ரேஞ்ச் பக்கம் போங்க. உங்களுக்கும் பேசணும், குழந்தைக்கும் பேசணும். கிரீன் கார்டு இருந்தா இந்தத் தடை இல்ல. துப்பாக்கி வாங்கறது எப்பவும் பெரியவங்க பேர்ல தான், 18 வயசு ஆகாதவங்களுக்கு கடைக்காரர் ரைஃபிள் விக்கக் கூடாது.

அடுத்தது ஹன்டர் எஜுகேஷன் வகுப்பு. விஸ்கான்சின்ல 1973 ஜனவரி 1 அன்னிக்கோ அதுக்கு அப்புறமோ பிறந்தவங்க இந்த வகுப்பு முடிச்சா தான் தனியா வேட்டை லைசென்ஸ். வகுப்பு முடிக்காத சின்னப் பசங்க மென்டர்டு ஹன்ட்னு ஒரு முறையில, பெரியவங்க கை எட்டுற தூரத்துலயே இருக்கற மாதிரி போகலாம், அதுக்கு இருந்த பத்து வயசு வரம்பை 2017ல எடுத்துட்டாங்க. அக்டோபர்ல ஒரு சனி ஞாயிறு பசங்களுக்குன்னே தனி வேட்டையும் உண்டு, குளிர் கம்மி, காட்டுல கூட்டம் கம்மி, முதல் தடவைக்கு அது தான் சரி. நீங்களும் குழந்தையும் சேந்தே அந்த வகுப்புல உக்காருங்க. துப்பாக்கில எப்பவும் குண்டு இருக்குன்னே நினைச்சுக்கணும், குழல் முனை யார் பக்கமும் திரும்பக் கூடாது, சுடுற நேரம் வரைக்கும் விரல் ட்ரிக்கருக்கு வெளிய, குறிக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு தெரியாம சுடக் கூடாது, இந்த நாலையும் அப்பா சொல்றதைவிட வேற ஒருத்தர் சொன்னா குழந்தை நல்லா கேக்கும்.

இப்ப உதை. இங்க ரீகாயில்னு சொல்றது அது தான், குண்டு முன்னாடி போறப்போ துப்பாக்கி பின்னாடி தோள்ல இடிக்கறது. இதை ஃபுட் பவுண்ட்ங்கற ஆற்றல் அளவுல அளப்பாங்க. மூணு விஷயம் தான் இதைத் தீர்மானிக்குது: குண்டோட எடை, அது எவ்வளவு வேகமா போகுது, உள்ள எவ்வளவு வெடிமருந்து எரியுது. இந்த மூணும் ஏறினா உதையும் ஏறும். நாலாவதா துப்பாக்கியோட எடை, அது மட்டும் தலைகீழ், கனமான துப்பாக்கி கம்மியா உதைக்கும். குண்டு எடையை கிரெயின்ல சொல்வாங்க, 7000 கிரெயின் ஒரு பவுண்ட், அப்போ 100 கிரெயின் குண்டுன்னா ஆறரை கிராம் தான், ஒரு சின்ன மோதிரம் அளவு.

ஏழரை பவுண்ட் துப்பாக்கின்னு வெச்சுக்கிட்டா, ஒவ்வொரு தோட்டா பேருக்கும் உதை சுமாரா இத்தனை ஃபுட் பவுண்ட் வரும். 223 ரெமிங்டன் மூணரை, 300 ப்ளாக்அவுட் அஞ்சு, 6.5 க்ரெண்டல் எட்டு, 350 லெஜண்ட் எட்டரை, 243 வின்செஸ்டர் ஒம்பது, 30-30 பத்து, 6.5 க்ரீட்மோர் பன்னெண்டரை, 7எம்எம்-08 பதிமூணரை, 308 பதினஞ்சரை, 30-06ல 180 கிரெயின் குண்டு போட்டா இருபத்தொண்ணு. தோட்டா கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும், ஆனா வரிசை இது தான். முப்பது கிலோ இருக்கற குழந்தைக்கு பத்துக்குள்ள இருந்தா நல்லது, இது என்னோட கணக்கு, நான் பாத்த பசங்களை வெச்சு சொல்றேன்.

இங்க தான் நிறைய பேர் ஒரு தப்பு பண்றாங்க, குழந்தை சின்னது, அதனால துப்பாக்கியும் லேசா இருக்கட்டும்னு ஆறு பவுண்டுக்கும் கம்மியா ஒரு யூத் மாடல் தூக்கிட்டு வர்றாங்க. அதே 243 தோட்டாவை ஏழரை பவுண்ட் துப்பாக்கில போட்டா ஒம்பது, ஆறு பவுண்ட் துப்பாக்கில போட்டா பதினொண்ணுக்கு மேல போயிடும். தூக்கறதுக்கு லேசு, தோளுக்குக் கனம். மான் வேட்டையில குழந்தை துப்பாக்கியத் தூக்கிட்டு மலை ஏறப் போறதில்ல, நீங்க தூக்கிட்டுப் போய் பிளைண்டுங்கற மறைவுக் கூண்டுக்குள்ள ஸ்டாண்டுல வெச்சுக் கொடுக்கப் போறீங்க, அதனால ஸ்கோப்போட (குறி பாக்க மேல மாட்டற தொலைநோக்கி) சேத்து ஏழுல இருந்து எட்டு பவுண்ட் இருந்தா ஒண்ணும் கஷ்டம் இல்ல.

உதைக்கு ஏன் இவ்வளவு கவலைப்படறேன்னா, தோள் வலியால மட்டும் இல்ல. தீபாவளிக்கு முதல் தடவை அணுகுண்டு வெடி கொளுத்துற குழந்தையப் பாத்திருப்பீங்க, திரி பத்தறதுக்கு முன்னாடியே கண்ணை மூடி மூஞ்சியைத் திருப்பிக்கும், பத்துச்சா இல்லையான்னு அதுக்கே தெரியாது. துப்பாக்கியிலயும் அதே தான் நடக்குது, ஒரு தடவை நல்லா இடி வாங்கினா அடுத்த தடவை ட்ரிக்கர் இழுக்கறதுக்கு ஒரு நொடி முன்னாடியே உடம்பு சுருங்கும், குழல் கீழ போகும், குண்டு நெஞ்சுல பட வேண்டியது குடல்ல படும். அந்த மான் சீக்கிரம் சாகாது, மணிக்கணக்கா காட்டுக்குள்ள எங்கயோ படுத்துக் கிடக்கும். எனக்குத் தெரிஞ்ச ஒரு பத்து வயசுப் பையனை அவன் மாமா முதல் நாளே 30-06ல சுட வெச்சார், "ஒரு தடவை தான, தாங்கிடுவான்"னு. அவன் அப்புறம் மூணு வருஷம் துப்பாக்கி இருக்கற ரூமுக்குள்ளயே வரல. அந்தப் பயம் ஒரு தடவை உள்ள போயிட்டா எடுக்கறது ரொம்பக் கஷ்டம், வராம பாத்துக்கறது தான் சுலபம்.

கேலிபர் தேர்வுக்கு வருவோம். முதல்ல உங்க மாநிலச் சட்டம் என்ன சொல்லுதுன்னு பாருங்க, மத்ததெல்லாம் அதுக்கு அப்புறம் தான். டெக்சாஸ்ல எந்த சென்டர்ஃபயர் தோட்டாவும் (பின்பக்கம் நடுவுல அடிச்சு வெடிக்கற வகை) மானுக்கு ஓகே. விஸ்கான்சின்ல 22 சென்டர்ஃபயர்ல இருந்து அனுமதி. கொலராடோல குறைஞ்சது 24 கேலிபர், அதாவது ஒரு அங்குலத்துல நூறுல 24 பங்கு விட்டம், குண்டு 70 கிரெயினாவது இருக்கணும், அதனால 223 அங்க கிடையாது. வர்ஜீனியால 23க்குக் கீழ கூடாது, அங்கயும் 223 இல்ல. ஒஹையோல ரைஃபிள்னா கழுத்து குறுகாத நேர் உறை தோட்டா மட்டும் தான் மானுக்கு, ஏன்னா அது சமதரை, வீடுங்க அடர்த்தி, அந்த மாதிரி தோட்டாவோட குண்டு சீக்கிரம் வேகம் இழந்து கீழ விழுந்துடும். ஒவ்வொரு வருஷமும் மாநிலம் வெளியிடுற வேட்டை விதிப் புத்தகத்தைத் திறந்து பாருங்க, கடைக்காரர் சொன்னார்னு வாங்காதீங்க.

சட்டம் தெரிஞ்ச அப்புறம், எவ்வளவு தூரத்துல சுடப் போறீங்கன்னு யோசிங்க. எங்க பக்கம் காட்டு ஓரத்துல 50ல இருந்து 100 யார்டு, அதுக்கு மேல மரம் மறைக்கும். கொலராடோ மாதிரி திறந்த நிலத்துல 200க்கு மேல போகும், ஆனா சின்னக் குழந்தைய 200ல சுட வைக்கறது எனக்குச் சம்மதம் இல்ல, அது எந்த மாநிலமா இருந்தாலும்.

243 வின்செஸ்டர் தான் என்னோட முதல் சிபாரிசு. 1955ல வந்தது, 308 உறையோட கழுத்தை இறுக்கி 6 மில்லிமீட்டர் குண்டு போட்டது, எழுபது வருஷமா எத்தனையோ பசங்க முதல் மானை இதுல தான் எடுத்திருக்காங்க. எந்தச் சின்ன ஊர்லயும் தோட்டா கிடைக்கும், ரைஃபிளும் எல்லா கம்பெனியும் போடறாங்க. ஒரே ஒரு எச்சரிக்கை, இதுல 55, 58 கிரெயின் குண்டும் விக்கும், அது கயோட்டி மாதிரி சின்ன மிருகத்துக்கு, மான் தோள்ல பட்டா மேலயே சிதறிடும், உள்ள போகாது. மானுக்குன்னு போட்டிருக்கற 90ல இருந்து 100 கிரெயின், இல்லன்னா முழுக்க செம்புல செஞ்ச 80 கிரெயின் குண்டு, அது தான் வேணும்.

எட்டு ஒம்பது வயசு, உடம்பு சின்னதுன்னா 6.5 க்ரெண்டல் பாருங்க. உறை குட்டை, அதனால ஹோவா மினி ஆக்‌ஷன் மாதிரி அடக்கமான போல்ட் ரைஃபிள்ல வருது, உதை எட்டு தான், ஆனா 123 கிரெயின் குண்டு 200 யார்டுக்குள்ள வைட்டெயில் மானுக்குத் தாராளம். குறை என்னன்னா தோட்டா எல்லாக் கடையிலயும் இருக்காது, சீசனுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே வாங்கி வெச்சுடணும்.

நேர் உறை மாநிலத்துல இருக்கீங்கன்னா யோசிக்கவே வேணாம், 350 லெஜண்ட். 2019ல வின்செஸ்டர் இதுக்குன்னே கொண்டு வந்தாங்க. 150 கிரெயின் குண்டு, சத்தமும் உதையும் அடக்கம், 150 யார்டுக்குள்ள வெச்சுக்கோங்க. அதுக்கு முன்னாடி இந்த மாதிரி இடத்துல பசங்க கையில 20 கேஜ் ஷாட்கன்ல ஸ்லக்னு ஒரே பெரிய குண்டு போட்டுக் கொடுப்பாங்க, அந்த உதை 308ஐ விட மோசம், பாவம்.

30-30 பழைய தோட்டா, 1895ல இருந்து இருக்கு. தாத்தா வீட்ல லீவர் ஆக்‌ஷன் துப்பாக்கி, அடியில இருக்கற கைப்பிடியை இறக்கி ஏத்தித் தோட்டா ஏத்தற வகை, ஒண்ணு சும்மா இருக்குன்னு நண்பர்கள் குடுக்க வருவாங்க. காட்டுக்குள்ள 100 யார்டுக்கு அருமையான தோட்டா, ஆனா பழைய துப்பாக்கிங்க லேசா இருக்கும், பின்னாடி ரப்பர் பேடு இல்லாம வெறும் இரும்புத் தகடு இருக்கும், அதனால கணக்குல பத்து, தோளுக்கு அதைவிட ஜாஸ்தி. அதோட அதுல பின்னாடி இருக்கற, தோட்டாவை வெடிக்க வைக்கற சுத்தியலை மெதுவா இறக்கறதுக்கு குழந்தையோட கட்டை விரலுக்குப் பலம் பத்தாது, நழுவினா வெடிச்சிடும். சின்னக் குழந்தைக்கு இது வேணாம்.

223 பத்தி நிறைய பேர் கேப்பாங்க. சட்டம் அனுமதிச்சா முடியும், நல்ல மான் குண்டு, கிட்ட தூரம், மான் பக்கவாட்டுல நின்னா முடியும். ஆனா குண்டு அஞ்சு அங்குலம் தள்ளிப் பட்டா அதுல மன்னிப்பு கிடையாது, அப்படித் தள்ளிச் சுடறது யாருன்னா புதுசா சுடுற குழந்தை தான். அதனால நான் 223ஐ பயிற்சிக்கு வெச்சுக்கோங்கன்னு சொல்வேன், மானுக்குச் சொல்ல மாட்டேன்.

300 ப்ளாக்அவுட் உதை கம்மி, 100 யார்டுக்குள்ள வேலை செய்யும், ஆனா சப்சானிக்னு மெதுவா போற தோட்டாவை மானுக்குப் போடாதீங்க, வேகமான வகை மட்டும். இன்னொண்ணு ரொம்ப முக்கியம், 300 ப்ளாக்அவுட் தோட்டா 223 துப்பாக்கியோட அறைக்குள்ள போய் உக்காந்துடலாம், சுட்டா அந்தப் பெரிய குண்டு சின்னக் குழலுக்குள்ள போக முடியாம துப்பாக்கியே வெடிச்சுடும். வீட்ல 223 இருந்தா 300 ப்ளாக்அவுட்டைக் கொண்டு வராதீங்க, அவ்வளவு தான்.

ஒரே ரைஃபிள் வாங்கி அதையே பெரியவனாகற வரைக்கும் வெச்சுக்கணும்னு நினைக்கறவங்களுக்கு 7எம்எம்-08 இல்லன்னா 6.5 க்ரீட்மோர். முழுத் தோட்டா போட்டா சின்னக் குழந்தைக்கு ஜாஸ்தி, ஆனா 7எம்எம்-08க்கு ஹார்னடி கஸ்டம் லைட்னு உதை குறைச்ச தோட்டா வருது, 120 கிரெயின் குண்டு, அதைப் போட்டா 243 பக்கம் வந்துடும். பதினாலு வயசுல முழுத் தோட்டாவுக்கு மாறிக்கலாம். மாறினா துப்பாக்கியத் திரும்ப ஜீரோ பண்ணணும், அதாவது குண்டு குறி வெச்ச இடத்துலயே படற மாதிரி ஸ்கோப்பைச் சரி பண்ணணும், ஏன்னா குண்டு வேற இடத்துல விழும்.

கேலிபர் முடிவாச்சு, இனிமே துப்பாக்கி குழந்தைக்குப் பொருந்துதான்னு பாக்கணும், என்னைக் கேட்டா இதுக்கு கேலிபருக்குச் சமமான மதிப்பு இருக்கு. ட்ரிக்கர்ல இருந்து கட்டையோட (தோள்ல வைக்கற பின்பகுதி) பின் நுனி வரைக்கும் உள்ள நீளம் பெரியவங்களுக்கு பதிமூணரை அங்குலம் சுமாரா இருக்கும். பத்து வயசுக் குழந்தைக்குப் பதினொண்ணரைல இருந்து பன்னெண்டரை. நீளமா இருந்தா குழந்தை கட்டையைத் தோள்ல வைக்காம கை மேல வெச்சுக்கும், தலைய முன்னாடி நீட்டும், அப்போ எந்த கேலிபரா இருந்தாலும் வலிக்கும். முழங்கையை மடக்கி கட்டையோட நுனிய முழங்கை மடிப்புல வெச்சா, விரலோட முதல் கணு ட்ரிக்கர்ல உக்காரணும், இது கடையிலயே பாத்துடலாம். மாஸ்பெர்க் பேட்ரியட் யூத் மாதிரி சில மாடல்ல கட்டையோட நீளத்தைக் கூட்டற ஸ்பேசர் துண்டுங்க வருது, குழந்தை வளர வளர ஒண்ணொண்ணா சேத்துக்கலாம், காசுக்கு அது நல்லது. பின்னாடி நல்ல மெத்து ரப்பர் பேடு போடுங்க.

ஸ்கோப்புக்கும் கண்ணுக்கும் நடுவுல மூணரை நாலு அங்குலம் இடைவெளி இருக்கணும். சின்னப் பசங்க படம் சரியா தெரியலன்னா தலைய முன்னாடி முன்னாடி கொண்டு போவாங்க, சுட்டதும் ஸ்கோப் விளிம்பு புருவத்துல வந்து வெட்டும், ரத்தம் வரும். அதனால ஸ்கோப்பை உங்களுக்கு வசதியா பொருத்தாதீங்க, குழந்தைய உக்கார வெச்சுப் பொருத்துங்க. ஜூம் மூணு நாலுக்கு மேல வேணாம், மானைத் தேடிக்கிட்டே இருப்பாங்க.

உதையை குறைக்கறேன்னு குழல் முனையில மசில் பிரேக்னு, வாயுவைப் பக்கவாட்டுல தள்ளி உதையைக் குறைக்கற ஒரு துண்டு, போடச் சொல்வாங்க. தோளுக்கு உதவும், காதுக்குக் கொடுமை. வேட்டை ரைஃபிள் சத்தமே 150 டெசிபெல்லுக்கு மேல, பிரேக் போட்டா பக்கத்துல இருக்கறவங்களுக்கு இன்னும் ஏறும், அதுவும் மூடின பிளைண்டுக்குள்ள. குழந்தைங்க உதைன்னு நினைச்சுப் பயப்படறதுல பாதி சத்தம் தான், நான் பல தடவை பாத்திருக்கேன். ரேஞ்சுல காதுக்குள்ள ஃபோம் பிளக், அதுக்கு மேல மஃப், ரெண்டும் போடுங்க. காட்டுல பேச்சு கேக்கற எலக்ட்ரானிக் மஃப் போட்டா நீங்க கிசுகிசுக்கறதும் கேக்கும், சத்தமும் அடங்கும்.

பயிற்சியை 22 எல்ஆர்ங்கற சின்னத் தோட்டா ரைஃபிள்ல ஆரம்பிங்க, ஒரு தோட்டா மட்டும் போடற வகை. அதுல உதையே கிடையாதுன்னு சொல்லலாம், தோட்டாவும் மலிவு. ஒரு கோடை முழுக்க அதுலயே ஓட்டலாம். வேட்டை ரைஃபிள்ல பெரியவங்களே ஜீரோ பண்ணி முடிச்சுக் கொடுங்க, பெஞ்சுல குனிஞ்சு உக்காந்து சுடறப்போ உடம்பு பின்னாடி அசைய இடமில்லாம உதை ஜாஸ்தியா தெரியும், அந்த வேலைய குழந்தை தலையில கட்டாதீங்க. குழந்தை வேட்டையில எப்படி உக்காருமோ அப்படியே, ட்ரைபாட் மேல வெச்சு, ஒரு தடவைக்கு அஞ்சு தோட்டா போதும். நடுவுல சொல்லாம ஒரு டம்மி தோட்டாவை நீங்க போட்டு விடுங்க, "க்ளிக்"னு சத்தம் வர்றப்போ குழல் ஆடாம இருந்தா பயம் இல்ல, குழல் டபக்குனு கீழ போச்சுன்னா பயம் வந்துடுச்சு, அன்னிக்குக் கட்டி வெச்சுட்டு ரெண்டு வாரம் 22க்குத் திரும்பிப் போங்க.

எவ்வளவு தூரம் சுடலாம்ங்கறதுக்கு நான் வெச்சிருக்கற கணக்கு இது. ஆறு அங்குலக் காகிதத் தட்டு, அஞ்சு தோட்டா, அஞ்சும் தட்டுக்குள்ள விழற தூரம் எதுவோ அது தான் அந்த வருஷம் அந்தக் குழந்தையோட எல்லை. என் பொண்ணுக்கு முதல் வருஷம் 60 யார்டு தான் வந்துச்சு. சீசன்ல 90ல நல்ல கொம்பு மான் ஒண்ணு அஞ்சு நிமிஷம் நின்னுது, அவ என்னைப் பாத்தா, நான் தலையாட்டல, போயிடுச்சு. அடுத்த நாள் சாயங்காலம் 45ல ஒரு பெட்டை மான் பக்கவாட்டுல வந்து நின்னுது, முன்னங்காலுக்குச் சத்தே பின்னாடி, உடம்போட கீழ இருந்து மூணுல ஒரு பங்கு உயரத்துல, அங்க இதயமும் நுரையீரலும் இருக்கு, சுட்டா, நாப்பது அடி ஓடி விழுந்துச்சு. அவ அழுதா. நான் ஒண்ணும் சொல்லல, பக்கத்துல உக்காந்திருந்தேன், அப்புறம் அவளே எழுந்து வந்து மான் மேல கை வெச்சுத் தடவினா. அழறது தப்பு இல்ல, அழ வேணாம்னு சொல்லாதீங்க. கடைசி நிமிஷத்துல "நான் சுடல அப்பா"ன்னு குழந்தை சொன்னாலும் சரின்னு துப்பாக்கியை வாங்கி வெச்சுடுங்க, ஏன்னு கேக்காதீங்க.

வீட்டுக்கு வந்ததும் துப்பாக்கி பூட்டின பெட்டிக்குள்ள, தோட்டா வேற பூட்டுக்குள்ள, ரெண்டு சாவியும் உங்ககிட்ட. குழந்தைக்குச் சுடத் தெரியும்ங்கறது இதுல எதையும் மாத்தாது. கறியைச் சாப்பிடறதுக்கு முன்னாடி மானோட தலைய சிடபிள்யூடி (மானோட மூளையைத் தாக்கற ஒரு நோய்) டெஸ்டுக்கு குடுங்க, அந்த நோய் விஸ்கான்சின்ல 2002ல இருந்து இருக்கு. அடுத்த ஆகஸ்ட்ல, ரேஞ்சுக்குப் போறதுக்கு முன்னாடி, முழங்கை மடிப்புல கட்டையை வெச்சு திரும்ப அளந்து பாருங்க, அனேகமா ஒரு ஸ்பேசர் சேக்க வேண்டியிருக்கும்.